நாகலாபுரத்துச் சூரியனும் என் மூன்று கட்டுரைகளும்

நம் சங்கக் கட்டடத்தில் சென்ற ஆண்டு ஞாயிறு மாலைகளில் விஞ்ஞானக் கட்டுரைப் பயிற்சி வகுப்பு ஒன்று 12 வாரங்கள் நடைபெற்றதை அன்பர்கள் அறிவார்கள். அதில் மாணாக்கராக அமர்ந்தோருள் நானும் ஒருவன். ஐம்பதைக் கடந்தவன் நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டதைக் கண்டு என் வீட்டார் நகைத்தனர். அவ்வகுப்பில் என் எழுத்து எவ்வாறு மாறியது என்பதை எழுதித் தருமாறு பத்திரிகைக் குழுவினர் கேட்டனர். மறுக்க மனம் வரவில்லை.

என் சொந்த ஊர் நாகலாபுரம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதிக்குச் செல்பவர்கள் அவ்வூரைக் கடந்தே போயிருப்பார்கள். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் விதித்தது. கிரணம், கோணம் முதலிய சொற்களை நான் முதலில் கண்டது தெலுங்கு எழுத்தில்தான். தமிழ் எழுத்தை எனக்குக் கற்பித்தவள் அம்மா. பாடப்புத்தகம் பஞ்சாங்கமும் பழைய வாரப் பத்திரிகைகளும். ஆகவே தமிழில் விஞ்ஞானம் எழுதுவது என்றால், என் தாய்மொழியில் நான் ஒருநாளும் படித்திராத பாடத்தை எழுதுவதாகும்.

வகுப்பை நடத்தியவர் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். முதல் நாளே அவர், “உங்கள் ஊரில் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் வேதநாராயணப் பெருமாள் கோயில் மேற்கு நோக்கியது. கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் பெயரால் அமைத்த ஊர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தின் பிற்பகுதியில் சில நாட்கள், அந்திச் சூரியனின் ஒளி கோபுர வாயிலின் வழியே நுழைந்து, உள்வாயில்களைக் கடந்து, கருவறைக்குள் மூலவர்மீது படும். முதல் நாள் திருவடியிலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படுவதாகச் சொல்வார்கள். சூரிய பூஜை என்று அதற்குப் பெயர்.

எனது முதற் கட்டுரையில் “அற்புதம்” என்ற சொல் ஏழு இடங்களில் வந்திருந்தது. ஆசிரியர் ஏழையும் பென்சிலால் வட்டமிட்டார். “ஒளி எந்நேரத்தில் வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? ஒரே மாலையில் கீழிருந்து மேலே ஏறுகிறதா, நாளுக்கு நாள்தான் ஏறுகிறதா?” என்று கேட்டார். இளமையில் எத்தனையோ முறை பார்த்தவன் நான். ஒன்றுக்கும் விடை சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் முன்னே நிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அவ்வெட்கத்தின் பயனாக எழுதியதே இரண்டாவது கட்டுரை. நூலகத்திலிருந்து வானநூல்களைக் கொண்டுவந்து, விஷுவம், கிராந்தி, திகம்சம் என்று வாயில் நுழையாத சொற்களையெல்லாம் அடுக்கினேன். போதாக்குறைக்கு, “பாமர மக்கள் இதனைத் தெய்வச் செயல் என மயங்குவர்” என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். அதை எழுதும்போது எனக்கு உண்டான பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு 82 வயது. பாதியில், “போதும்டா” என்றாள். “சூரியனும் இதிலே இல்லை, சாமியும் இல்லை. நீ மட்டுந்தான் இருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வகுப்பில் எவரும் இவ்வளவு கூர்மையாக என் எழுத்தை மதிப்பிட்டதில்லை.

அடுத்த வாரம் ஆசிரியர் எங்களுக்குப் பழைய கதை ஒன்று சொன்னார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பின்பு, 1864-இல், தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார். அதற்காகத் தாம் தமிழ் பயின்று, மாணவர்களையும் மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்தி, உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என நூல்களை வெளியிட்டார். இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. கலைச்சொல் விஷயத்தில் அவர் கொண்ட முறை எளியது: தமிழில் சொல் வழங்குமானால் அதையே கொள்வது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அங்கும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. ‘கெமிஸ்தம்’ இன்று நமக்குச் சிரிப்பை மூட்டலாம். ஆயினும் நோயாளியின் அருகில் நிற்கப் போகும் மாணவனுக்குப் புரிய வேண்டும் என்ற கவலையில் பிறந்த சொல் அது. என் ‘திகம்சம்’ எக்கவலையில் பிறந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பெ. நா. அப்புசாமி அவர்களின் கட்டுரைகளையும் அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். 1891-இல் பிறந்து 1986 வரை வாழ்ந்த அப்பெரியார் தொழிலால் வழக்கறிஞர். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். வாசகன் அறிவுடையவன், ஆனால் இந்த ஒரு விஷயத்தை இன்னும் கேள்விப்படாதவன் என்று எண்ணியே அவர் எழுதுவதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த மரியாதைதான் என் இரண்டாவது கட்டுரையில் இல்லாதிருந்தது.

மூன்றாவது கட்டுரையைக் கடினமான சொல்லில் தொடங்காமல், கணக்கில் தொடங்கினேன். கோபுர வாயிலிலிருந்து மூலவர் வரை சுமார் 630 அடி என்று ஊரில் சொல்வார்கள். வானத்தில் சூரியன் நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்கிறது. ஒரு நிமிஷத்தில் கால் பாகை இறங்கினால், 630 அடிக்கு அப்பால் ஒளி ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி உயரும். சூரியன் தாழத் தாழ ஒளி ஏறும்! ஆளுயரச் சிலையைத் திருவடியிலிருந்து திருமுடி வரை தடவிச் செல்ல அதற்கு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் போதும். என் முதற் கட்டுரையின் ஏழு அற்புதங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் இந்த இரண்டு நிமிஷத்துக்கு ஈடாகாது.

ஏன் சில நாட்கள் மட்டும்? மார்ச்சு 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. அதன்பின் மறையும் இடம் நாள்தோறும் ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக வடக்கே விலகிப் போகிறது. அதே 630 அடியில், ஒளி ஒரு நாளைக்கு நான்கு அடிக்கு மேல் தெற்கே தள்ளிவிடும். மூன்று நான்கு நாட்களில் அது கருவறை வாயிலை விட்டே விலகிச் சுவரில் விழும். நேர் மேற்கு என்று கல்தச்சர்கள் எவ்வளவு கவனமாகக் கயிறு பிடித்திருக்க வேண்டும் என்பதை, இதை எழுதி முடித்த பிறகுதான் நான் உணர்ந்தேன். அவர்களைத்தானே முன்பு பாமரர் கணக்கில் சேர்த்திருந்தேன்! அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

வகுப்பில் இக்கட்டுரையைப் படித்தபோது ஆசிரியர் இரண்டு இடங்களில்தான் பென்சிலை வைத்தார். ஒன்று எழுத்துப்பிழை. மற்றொன்று, நாளுக்கு நாள் ஒளி ஏறுவதாக ஊரார் சொல்வதற்கு என் கணக்கில் விடை இல்லாதது. ஒரே மாலையில் ஏறுவதைத்தான் கணக்குச் சொல்கிறது. “நேரில் குறிப்பெடுக்காமல் இதை முடிக்கக் கூடாது” என்றார்.

அன்றிரவு அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இம்முறை கடைசிவரை கேட்டாள். கையை நீட்டிக் கோபுரவாசலையும் சன்னிதியையும் காற்றில் அளந்து பார்த்தாள். பிறகு, “வடக்கே போன சூரியன் திரும்பி வருமே, அப்போதும் சாமிமேல் விழ வேண்டாமா?” என்று கேட்டாள்.

நான் எழுதிய நான்கு பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை. பஞ்சாங்கத்தை எடுத்து இருவரும் பார்த்தோம். கணக்குப்படி செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஒளி அதே வழியில் வந்தாக வேண்டும், மழைமேகம் மறைக்காதிருந்தால். நாளை ரெயில் டிக்கெட் எடுக்கப் போகிறேன். அம்மாவுக்கும் சேர்த்துத்தான், கடிகாரத்தைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.