உள்ளத்தின் முடிச்சும் உரையாடல் சிகிச்சையும்

ஒசூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் நம்மை எதிர்கொள்ளும் கர்நாடக ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பல பெருகியுள்ளன. பிழைப்பை நாடி வந்து இங்கே குடியேறிய தமிழர் பலர். சொந்த ஊர் சில மணி நேரப் பயணத்தில் இருந்தும், அவர்கள் அயலிடத்து வாழ்க்கையையே நடத்துகின்றனர். வேலையிடத்தில் ஒரு மொழி. வீட்டில் ஒரு மொழி. உற்றார் உறவினர் பண்டிகைக்கு மட்டுமே காணக் கிடைப்பவர்.

இத்தகைய வாழ்வில் உடலுக்கு நோய் வந்தால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளத்தில் முடிச்சு விழுந்தால் என்ன செய்கிறோம்? "என் வேளை அப்படி", "என் குணம் இதுதான்" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அம்முடிச்சை உரையாடலின் வழியே கண்டு அவிழ்க்க ஒரு முறை உண்டு. உட்பார்வைச் சிகிச்சை என்று அதனைக் கூறலாம். அது யாது, அதனால் ஆவதும் ஆகாததும் எவை என்பதைச் சற்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். லேத் வேலையில் கைதேர்ந்தவர். ஆயினும் எட்டு ஆண்டுகளில் ஐந்து தொழிற்சாலைகள் மாறிவிட்டார். மேற்பார்வையாளர் பலர் முன்னிலையில் ஒரு குறை சொன்னால் போதும். அன்று மாலையே கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறிவிடுவார். "எங்கே போனாலும் எனக்கென்று ஒரு கொடியவன் காத்திருக்கிறான்" என்பது அவர் கூற்று. ஐந்து இடங்களிலும் கொடியவரே அமைந்தனரா, அல்லது ஐந்து இடங்களுக்கும் அவர் தம்மோடு எடுத்துச் சென்றது ஏதேனும் உண்டா? இக்கேள்வியை அவரே தமக்குள் எழுப்பிக்கொள்ளத் துணைநிற்பதுதான் உட்பார்வைச் சிகிச்சையின் பணி.

இம்முறையின் தொடக்கத்தை ஐரோப்பாவின் வியன்னா நகரில் காண்கிறோம். 1880ஆம் ஆண்டு முதல் 1882 வரை யோசேப் பிராயர் என்னும் மருத்துவர் இளம்பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார். நோயின் கடுமையில் அப்பெண் தம் தாய்மொழியாகிய ஜெர்மனை இழந்து, ஆங்கிலத்திலேயே பேசினார். உள்ளத்தை அழுத்திய நிகழ்ச்சிகளை அவர் வாய்விட்டுச் சொன்னபோது நோய்க்குறிகள் சில தணிந்தன. 'பேச்சுச் சிகிச்சை' என்று அதற்குப் பெயரிட்டவரும் அந்த நோயாளியே. அவர் உடனே முற்றும் குணமாகிவிடவில்லை. பின்னும் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. ஆயினும் பிற்காலத்தில் பெண்கள் நலனுக்குப் பெரும்பணி ஆற்றினார். பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு இடம்பெற்றது. நினைவுக்கு வராத ஒன்றை மனிதன் தன் செயலில் திரும்பத் திரும்பச் செய்து காட்டுகிறான் என்பதைப் பிராய்டு 1914இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். நம் லேத் தொழிலாளியின் ஐந்து வேலைமாற்றங்களையும் இக்கருத்தின் ஒளியில் நோக்கலாம்.

இந்தியாவுக்கு இக்கலை புதிதன்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922ஆம் ஆண்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தும், அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் தமக்கென ஒரு கொள்கையை வகுத்தவர் அவர். மேலே தோன்றும் விருப்பம் ஒவ்வொன்றுக்கும் அடியில் அதற்கு நேர்மாறான விருப்பம் ஒன்று மறைந்திருக்கிறது என்பது அக்கொள்கை. மேலதிகாரியை வெறுப்பதாகச் சொல்பவரின் உள்ளத்தில், அவரிடமே பாராட்டுப் பெறவேண்டும் என்னும் ஏக்கம் ஒளிந்திருக்கக் கூடுமன்றோ?

சிகிச்சை நடைபெறும் விதம் எளியது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், முக்கால் மணி நேரம் அளவில் இருவர் அமர்ந்து பேசுகின்றனர். பேசுபவர் பெரும்பாலும் வந்தவரே. சிகிச்சையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆறுதல் மொழிகளை அடுக்குவதுமில்லை. "குறை கேட்ட அந்தக் கணத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்பது போன்ற கேள்வியைப் பொறுமையுடன் வைக்கிறார். "ஒன்றும் தோன்றவில்லை, கோபம்தான்" என்று தொடங்கும் விடை, சில வாரங்களில் வேறாகிறது: "காது அடைத்துப்போயிற்று ஐயா; பத்து வயதில் அப்பா கடைத்தெருவில் வைத்து அடித்தது நினைவுக்கு வந்தது." அன்று ஓடிப்போக இயலாத சிறுவன், இன்று ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்தும் ஓடிக்கொண்டிருக்கிறான். சில வேளைகளில் அந்தச் சினம் சிகிச்சையாளர் மீதே திரும்பும். ஒரு நாள் அவர் தாமதமாக வந்தால், "என்னை மதிக்கவில்லை" என்று இனி வரப்போவதில்லை எனத் தோன்றும். அதனையும் மறைக்காது அவரிடமே பேசும்போது, பழைய முடிச்சு கண்முன்னே வந்து நிற்கிறது. அவிழ்ப்பதற்கு அதுவே தக்க வேளை.

காரணத்தை அறிந்துகொண்டால் மட்டும் குணம் மாறிவிடுமா? மாறாது. அறிதல் ஒரு நாளில் வருவது. பழக்கம் பல ஆண்டுகளில் வந்தது. அறிந்ததைப் பல நிகழ்ச்சிகளில் மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்த்து, அடுத்த முறை மேற்பார்வையாளர் குறை சொல்லும்போது அன்று மாலை மட்டும் விடைபெறாது பொறுத்திருந்து, மறுநாள் அவரிடம் பேசிப் பார்ப்பதே வளர்ச்சி. இதற்கு மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஆண்டும் கடக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. புறத்தே உள்ள அநீதியை அகத்தின் குறையாகக் காட்டுவது உட்பார்வை ஆகாது. கூலியை நிறுத்திவைப்பதும், மொழியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பாதுகாப்பற்ற எந்திரத்தில் நிறுத்துவதும் தொழிலாளியின் இளமைக்கால நினைவால் விளைந்தவை அல்ல. அவற்றுக்கு உரிய இடம் தொழிற்சங்கமும் தொழிலாளர் துறையும் நீதிமன்றமுமே. எது வெளியிலிருந்து வந்தது, எது நம்மிடமிருந்து எழுந்தது என்று பிரித்தறியும் ஆற்றலையே இச்சிகிச்சை தருகிறது. அந்த ஆற்றல் பெற்றவர் நியாயமான போராட்டத்தையும் நிதானத்துடன் நடத்துவார்.

அத்திபெலேயைத் தொட்டுச் செல்லும் அதே ஒசூர்ச் சாலையில், பெங்களூருக்குள் அமைந்திருக்கிறது நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனம். மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையோடு இணைந்து 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அங்கே தோன்றியது. இரண்டும் 1974இல் ஒன்றாகி இன்றைய பெயரைப் பெற்றன. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சூர்யா, ஜெயராம் என்னும் இருவர் 1964இல் ஒரு கட்டுரை எழுதினர். மேனாட்டு மாதிரியில் நோயாளியைத் தனியே அமர்த்தி விளக்கம் தேடச் செய்வது நம்மவர்க்கு முழுதும் பொருந்துவதில்லை. சிகிச்சையாளரைக் கூட்டுக்குடும்பத்தின் மூத்தவராகவே நம்மவர் நோக்குகின்றனர் என்று அவர்கள் கண்டனர். ஜஸ்வந்த் சிங் நேக்கி 1973இல் குரு–சீடர் உறவையே இதற்கு மாதிரியாகக் கொள்ளலாம் என எடுத்துரைத்தார். ஆகவே, நம் நாட்டில் சிகிச்சையாளர் சில வேளை வழிகாட்டுவதும், குடும்பத்தாரை அழைத்துப் பேசுவதும் குறைபாடு அல்ல; நம் வாழ்க்கை முறைக்கு ஏற்ற தகவமைப்பே ஆகும்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கேள்வி எழுகிறது. எம்மொழியில் பேசுவது? கடைவீதியில் கன்னடம் பேசலாம். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசலாம். 'மனசு கனக்கிறது', 'நெஞ்சு அடைக்கிறது' என்று நாம் சொல்வதன் முழுப்பொருளைப் பிறமொழியில் உரைத்தல் அரிது. தந்தையின் ஏச்சும் தாயின் தாலாட்டும் எம்மொழியில் உள்ளத்தில் பதிந்தனவோ, அம்மொழியிலேயே அவை திறந்து வெளிவரும். ஆதலின் மருத்துவமனையில் முதன்முதல் பதிவு செய்யும்போதே "தமிழ் அறிந்தவரிடம் பேச விரும்புகிறேன்" என்று கேட்கத் தயங்க வேண்டுவதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் அதில் பேசலாம். அது நீண்ட சிகிச்சை அன்று. ஆயினும் செல்லவேண்டிய இடத்தை அறிய நல்ல வாயில்.

எல்லா நோய்க்கும் உரையாடலே மருந்து என எண்ணலாகாது. இல்லாத குரல் கேட்பவர்க்கும், பல நாள் உறக்கமும் உணவும் இழந்தவர்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவர்க்கும் காலம் தாழ்த்தாது மருத்துவரின் உதவி தேவை, மருந்தும் தேவைப்படலாம். இவற்றை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என அஞ்சுவோர் உண்டு. சிகிச்சையில் கூறியவற்றைக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் மருத்துவத் துறையினர்க்கு விதித்துள்ளது.

இத்தகைய கடும் நோய் இல்லாதவரும் வீட்டிலிருந்தே ஒரு சிறு தொடக்கம் செய்யலாம். சினமோ துயரமோ மிகுந்த நாளின் இரவில் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுக: நடந்தது என்ன, அப்போது உடலிலும் உள்ளத்திலும் எழுந்தது என்ன, இதுபோல் முன்பு எப்போது எழுந்தது. ஒரு மாதம் கழித்து அத்தாள்களை ஒருங்கே வைத்துப் படித்தால், வேறுவேறு நாட்களில் ஒரே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் வருவது தெரியலாம். அவ்வாறு தெரிந்தால், சிகிச்சையாளரிடம் முதல் நாள் சொல்வதற்கு உரிய செய்தி அதுவே.