12 வாரம் பொறுத்தால் கத்தி தேவைப்படாமலும் போகலாம்!

தொண்டைப் புற்றுநோய்க்கு ஏழு வாரக் கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் மருந்து என்று எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும், கழுத்தைத் தடவினால் நெறிக்கட்டி கையில் தட்டுப்படுகிறது. 'நோய் போகவில்லையோ?' என்று வீடே கலங்கும் நேரம் இது.

கலங்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு பட்டதுமே புற்றுசெல் செத்துவிடுவதில்லை. அதன் மரபுப்பொருள் சிதைந்துவிடும். அடுத்து பிரிய முயலும்போதுதான் பல செல்கள் சாகும். அதன் பிறகு இறந்த செல்களை உடல் அப்புறப்படுத்த வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் வெறும் தழும்புத் திசு மட்டும் முடிச்சாக மிஞ்சுவதும் உண்டு.

முன்பெல்லாம் நோய் கழுத்து நெறிகளில் அதிகம் பரவியிருந்தால், கதிர்வீச்சு முடிந்த கையோடு பலருக்கு அவற்றை அறுவை சிகிச்சையில் அகற்றிவிடுவார்கள். அகற்றியதைச் சோதித்தால் பலரிடம் உயிருள்ள புற்றுசெல்லே இருக்காது. தோள்வலி, கையைத் தூக்க முடியாமை போன்ற தொல்லைகள்தான் மிச்சம்.

'எல்லோருக்கும் இந்த அறுவை தேவையா?' என்ற கேள்விக்கு விடை தேடியது, பிரிட்டனில் பேராசிரியர் ஹிஷாம் மெஹன்னா தலைமையில் நடந்த 'பெட்-நெக்' ஆய்வு. 564 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டமிட்டபடி கழுத்து அறுவை சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு, சிகிச்சை முடிந்த 12-வது வாரத்தில் பெட்-சிடி ஸ்கேன். நோய் மிச்சமிருப்பதாகவோ, சந்தேகமாகவோ தெரிந்தவர்களுக்கு மட்டும் கத்தி. 2016-ல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 81.5 சதவிகிதம், ஸ்கேன் பிரிவில் 84.9 சதவிகிதம். காத்திருந்த பிரிவில் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கழுத்து அறுவைகளோ முதல் பிரிவில் 221, ஸ்கேன் பிரிவில் வெறும் 54!

ஏன் 12 வாரம்? செல்கள் சர்க்கரையை உறிஞ்சுவதைத்தான் பெட் ஸ்கேன் காட்டுகிறது. புற்றுசெல்லைப் போலவே, கதிர்வீச்சால் புண்பட்ட திசுவும் சர்க்கரையை உறிஞ்சும். அவசரப்பட்டு எடுத்தால் இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டிவிடும். ஹெச்.பி.வி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயில் கழுத்துக் கட்டிகள் இன்னும் மெதுவாகவே சுருங்கலாம். எனவே ஸ்கேன் தெளிவாக இல்லையென்றால், சில வாரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: புகையிலையால் நம் ஊரில் அதிகம் வரும் வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அறுவைதான் முதல் சிகிச்சை. அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. காத்திருப்பவர்களும் மாதாந்தரப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கட்டி பெரிதானாலோ, புதிதாக வலி வந்தாலோ ஸ்கேன் தேதிவரை பொறுக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.