தொப்பி இறுகினால் சிலந்திக்கு இடமில்லை!
தென்னை ஈரியோபைட் சிலந்தியின் வாழ்வைத் தீர்மானிப்பது மரம்தான்

புதுச்சேரியில் இளநீர் வண்டியைக் கவனித்துப் பாருங்கள். தோல் வெடித்து, பழுப்பேறி, பிசின் வழிந்த காய்களை வியாபாரியே ஒதுக்கி வைப்பார். தோப்புக்காரருக்கு நஷ்டம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அதே காயை முற்றவிட்டால் மட்டை உரிப்பதற்குள் கை வலிக்கும். காய் சிறுத்திருக்கும், கொப்பரையும் குறையும், நாரும் தரமாக வராது.

‘மருந்து அடித்தும் போகவில்லை, மரத்தையே வெட்டிவிடலாமா?’ என்று பாகூர், அரியாங்குப்பம் பக்கத்து விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். வெட்ட வேண்டாம். ஒரே தோப்பில், ஒரே காற்றில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று மோசமாகவும் இன்னொன்று லேசாகவும் பாதிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மெக்சிகோவிலிருந்து நம் கொல்லை வரை

மெக்சிகோ நாட்டின் குரேரோ மாநிலத்தில் எடுத்த மாதிரிகளை வைத்து, 1965-ல் இந்தச் சிலந்தியை அறிவியலாளர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். இலங்கையில் 1997 கடைசியில் கற்பிட்டிப் பகுதியில் தென்பட்டது. அடுத்த ஆண்டே கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருப்பது பதிவானது. பிறகு சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரி என்று பரவிவிட்டது. இதற்கு இறக்கை கிடையாது. காற்றும், பாளைக்கு வரும் தேனீ போன்ற பூச்சிகளும், நாம் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் காய்களும்தான் இதைச் சுமந்து செல்கின்றன.

குரும்பைதான் அதன் வீடு

இதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் கால் பங்குதான். புழு போன்ற வெளிறிய உடல், இரண்டு ஜோடிக் கால்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. முட்டையிலிருந்து வளர்ந்து முதிர 7 முதல் 10 நாள்கள் போதும்.

காம்பை ஒட்டி, காயின் தலையைத் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில்தான் இது குடியிருக்கிறது. பாளை வெடித்த புதிதில் அந்தத் தொப்பி இறுக்கமாக இருக்கும், உள்ளே நுழைய வழி இருக்காது. கரு பிடித்து ஒரு மாதம் ஆகும்போது தொப்பி சற்றே நெகிழும். முடி நுழையாத அந்த இடைவெளி இதற்குப் போதும். உள்ளே இருக்கும் இளம் திசு மென்மையானது, சாறு நிறைந்தது. அதை உறிஞ்சிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருகும்.

3 முதல் 5 மாதக் காய்களில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அதற்குமேல் திசு கெட்டிப்படுவதால் உணவு குறையும், கூட்டமும் கரையும். ஆனால் தென்னையில் மாதம் ஒரு பாளை வருகிறதே! ஒரு குலை முற்றும்போது மேலே அடுத்த குரும்பை தயாராக இருக்கும். ஆண்டு முழுக்க இதற்குச் சாப்பாடு தட்டாமல் கிடைக்கும்.

தொப்பிக்கு அடியில் முக்கோணமாக வெளிர்மஞ்சள் திட்டு தெரிந்தால் தாக்குதல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காய் பருக்கும்போது அந்தத் திட்டுதான் பழுப்பேறி வெடிக்கிறது. வெளியே தெளிக்கும் மருந்து தொப்பிக்கு உள்ளே எட்டுவது கடினம். பலமுறை அடித்தும் பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

மரத்துக்கு மரம் ஏன் வித்தியாசம்?

தொப்பி இறுக்கமாகப் பொருந்தும் உருண்டைக் காய்களில் சேதம் குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில், சௌகாட் ஆரஞ்சு குட்டை ரகத்தில் தாக்குதல் குறைவாகக் காணப்பட்டது. குலசேகரம் நெட்டையிலிருந்து தேர்வு செய்த கல்பஹரிதாவும் அப்படிப்பட்டதே. புதுக்கன்று வைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மரத்தில் விதைத்தேங்காய் எடுப்பவர்கள், சேதம் குறைந்த மரங்களுக்கு இப்போதே சுண்ணாம்புக் குறி போட்டு வையுங்கள்.

உரமும் முக்கியம். வழக்கமாக மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் இடுகிறோம். சிலந்தியைத் தாங்கும் சக்தி மரத்துக்குக் கூட வேண்டும் என்பதற்காக, அதை 3.5 கிலோவாக உயர்த்தச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

ஒரு மரத்துக்கு, ஓர் ஆண்டுக்கு

• தொழுஉரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ
• யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ
• போராக்ஸ் 50 கிராம், ஜிப்சம் 1 கிலோ, மக்னீசியம் சல்பேட் 500 கிராம்

ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஆடியை ஒட்டியும் மார்கழியை ஒட்டியும் வட்டப்பாத்தியில் இட்டுத் தண்ணீர் விடுங்கள். ஊடுபயிராகச் சணப்பு விதைக்கலாம். தோப்பைச் சுற்றிச் சவுக்கு வைத்தால் காற்றில் வரும் சிலந்தி குறையும். உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

தாக்குதல் அதிகமென்றால், 1 லிட்டர் தண்ணீருக்கு வேப்ப எண்ணெய் 20 மில்லி, அரைத்து வடித்த பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம் கலந்து, 2 முதல் 6 மாதக் குலைகளில் தொப்பி நனையும்படி ஆண்டுக்கு மூன்று முறை தெளியுங்கள். ஏற்கெனவே விழுந்த வடு மறையாது. பலனைப் புதுக் குலைகளில்தான் பார்க்க முடியும். அதனால் அவசரப்படாமல் ஓர் ஆண்டு பொறுத்திருங்கள்.

சந்தேகம் இருந்தால் வடு விழுந்த ஒரு குலையோடு பக்கத்து உழவர் உதவியகத்துக்கோ, குரும்பாப்பேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள்.

வாசகர் கேள்வி

வடு விழுந்த காயின் இளநீரைக் குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். சிலந்தி மட்டையின் மேல்திசுவைத்தான் உறிஞ்சுகிறது, தண்ணீருக்குள் போவதில்லை. ஆனால் அண்மையில் பூச்சிமருந்து கொடுத்த மரத்துக் காய் என்றால் குடிக்காதீர்கள்.

கத்திரியில் வரும் செம்பேனும் இதுவும் ஒன்றா?

இல்லை. செம்பேனுக்கு நான்கு ஜோடிக் கால்கள் உண்டு. இலைக்கு அடியில் நூலாம்படை கட்டி, கத்திரி, வெண்டை, ஆமணக்கு என்று கண்ட செடியிலும் பிழைக்கும். அதற்குக் களை எடுப்பது உதவும். தென்னைச் சிலந்தி பனை இனத்தோடு ஒட்டியது. பனங்காயிலும் இருப்பதைத் தமிழக ஆய்வாளர்கள் 2002-ல் பதிவு செய்தார்கள். களை எடுத்து இதை விரட்ட முடியாது, மரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.