இரைச்சலுக்குள் ஒரு ஞாபகம்

அடுக்களையில் கை வேலையாக இருக்கிறது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு பழைய பாட்டு காற்றில் வருகிறது. அவ்வளவுதான்! பள்ளிக்கூடத்து வேப்பமரம், அண்ணாவோடு போட்ட சண்டை, இப்போது இல்லாத அத்தையின் குரல், எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கும், இல்லையா?

இங்கிலாந்தில் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்ட ஓர் அம்மாளைக் கேட்டால், தமக்கு இந்த வேலையைச் செய்வது 1980-களில் வந்த 'ராக்' பாட்டுத்தான் என்பார். "கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து காதைப் பிளக்குமே, அதிலா ஞாபகம்?" என்று கேட்காதீர்கள். இரண்டே பாட்டுகளின் கதையைச் சொல்கிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் பாட்டு, 'குவீன்' கோஷ்டி 1984-ல் வெளியிட்ட 'ரேடியோ கா கா'. எழுதியவர் அந்தக் கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர். ஒரு நாள் ரேடியோவில் ஏதோ மட்டமான பாட்டு வர, அவருடைய சின்னக் குழந்தை, "ரேடியோ கா கா!" என்றதாம். குழந்தையின் தாயார் பிரெஞ்சுக்காரி. பிரெஞ்சு மழலையில் 'கா கா' என்றால் என்ன தெரியுமோ? நம் வீட்டுக் குழந்தைகள் 'ஆய்' என்கிறார்களே, அதுதான்! தகப்பனார் ஓசையைக் கொஞ்சம் மென்மையாக்கிப் பாட்டுக்கு வைத்துவிட்டார்.

ஆனால் வேடிக்கையாகப் பிறந்த பாட்டில் ஏக்கம்தான் நிறைந்திருக்கிறது. 1981-ல் அமெரிக்காவில் 'எம்.டி.வி.' ஆரம்பமாகி, காதால் கேட்ட பாட்டைக் கண்ணால் பார்க்கும் காலம் வந்துவிட்டது. ராத்திரியில் தனியாக ரேடியோ கேட்டு வளர்ந்த ஒருவர், அந்தப் பழைய சிநேகிதனைப் பார்த்து, "உன்னை மறந்துவிடுவார்களோ?" என்று கவலைப்படுவதுதான் பாட்டு.

அதைப் பாடிய பிரெடி மெர்குரி நமக்குக் கொஞ்சம் உறவு. 1946-ல் ஜான்ஸிபாரில் பிறந்த பார்ஸிக் குழந்தை. மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். 1985 ஜூலை 13-ந் தேதி, எதியோப்பியாவின் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கச்சேரியில் அவர் இந்தப் பாட்டைப் பாடினார். சுமார் 72,000 ரஸிகர்கள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே தாளமாகத் தட்டினார்கள். 1991-ல், 45-வது வயதில், அவர் மறைந்தார். அந்தக் கைதட்டல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

அன்று அதே மேடையில் 'குவீன்' கோஷ்டிக்குச் சற்று முன் வாசித்தவர்கள் 'டயர் ஸ்டிரெய்ட்ஸ்' கோஷ்டியினர். இரண்டாவது பாட்டு அவர்களுடையது. 1985-ல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்'. அதாவது, போர்க்களத்துச் சகோதரர்கள். இதில் இரைச்சலே இல்லை. கிதார் மெல்ல விம்முகிறது. சாகும் தறுவாயில் ஒரு சிப்பாய் தன் தோழர்களிடம் பேசுகிறான்.

1982-ல் பாக்லண்ட் தீவுகளுக்காக இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் 74 நாள் சண்டை போட்டன. ஒரு பக்கம் 255 வீரர்கள், மறுபக்கம் 649 வீரர்கள் மாண்டார்கள். அந்த யுத்தத்தை மனத்தில் வைத்து மார்க் நாப்ளர் எழுதிய பாட்டு இது. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஹங்கேரியிலிருந்து வந்தவர் அவருடைய தகப்பனார்.

யுத்தம் முடிந்து 25 வருஷம் கழித்து, 2007-ல், நாப்ளர் அதே பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்தார். எதற்கு? உயிரோடு வீடு திரும்பியும், கண்ட காட்சிகளை மறக்க முடியாமல் மனம் நொந்து கிடந்த பழைய சிப்பாய்களின் சிகிச்சைக்கு நிதி திரட்ட!

பார்த்தீர்களா? அந்த 1985-ம் வருஷத்துப் பாட்டு ஒருத்திக்குத் தன் கல்லூரி நாட்களைக் கொண்டு வருகிறது. இன்னொருத்திக்கு, திரும்பி வராத அண்ணனைக் கொண்டு வருகிறது. சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதாம் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்கிறார்கள் மனோதத்துவ நிபுணர்கள். அந்த வயதில் கேட்ட பாட்டும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. அது ராகமாலிகையாக இருந்தால் என்ன, ராக் பாட்டாக இருந்தால் என்ன?

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது பழைய பாட்டு ஒன்றைக் கேட்டபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "காப்பி ஆறுகிறதே!" என்று கூப்பிடாதீர்கள். பாட்டு முடியட்டும். காப்பியை மறுபடி சுட வைத்துக்கொள்ளலாம்.