வீட்டு வாடகை ஒப்பந்தமும் முன்பணமும்

வீட்டு உரிமையாளரும் வாடகைக்குக் குடிவருபவரும் வாடகை, முன்பணம், காலம், பராமரிப்பு ஆகியவை பற்றி எழுத்து மூலம் செய்துகொள்ளும் உடன்படிக்கையே வாடகை ஒப்பந்தம் ஆகும். தமிழ்நாட்டில் இதற்கான இப்போதைய சட்டம் 2017 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதுவரை இருந்த 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. பழைய சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயம் கேட்டு மனுச் செய்ய இடம் இருந்தது. புதிய சட்டத்தில் இருவரும் பேசி ஒப்புக்கொண்ட தொகையே வாடகை. ஆகவே தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்னைவிட இப்போது முக்கியம்.

பதினொரு மாதக் கணக்கு

பெரும்பாலான ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கே எழுதப்படுகின்றன. 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே ஒரு மாதம் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் 2017 சட்டம் கேட்பது வேறொரு பதிவு. காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் பெற வேண்டும். இதை இணையவழியிலும் செய்யலாம். 11 மாதம்தானே என்று பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

முன்பணம்

பேச்சு வழக்கில் அட்வான்ஸ் எனப்படும் இத்தொகையில்தான் தகராறுகள் அதிகம். மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். மாத வாடகை 9,000 ரூபாய் என்றால் முன்பணம் 27,000 ரூபாய். சென்னையில் நெடுநாள் வழக்கமாக இருந்த பத்து மாத முன்பணம் என்றால் அதே வீட்டுக்கு 90,000 ரூபாய். பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால், ‘மாறான ஒப்பந்தம்’ இருப்பதாக ஆகிவிடும். பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். எது பாக்கி என்பதில்தான் சிக்கல். சட்டத்தின் அட்டவணைப்படி கட்டடப் பழுது, சுவர் வெள்ளையடிப்பு, கதவு சன்னல் வர்ணம், குழாய் மாற்றம், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் இதை மாற்றி எழுதிக்கொள்ள இடம் உண்டு.

நான் பணிமாறுதலில் வேறு ஊர் போனபோது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். அதில் அப்படியே இருந்தது. கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மாதந்தோறும் தருபவை

வாடகைக்கு ரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை. வங்கி வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ அனுப்பினால் பதிவு தானே இருக்கும். ரொக்கமாகத் தருவோர் ஒரு நோட்டில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால், குடிபோகும் நாளன்று அதன் அளவைப் படமெடுத்து வைப்பது நல்லது. இல்லையென்றால் முன்பு இருந்தவர் எரித்த மின்சாரத்துக்கும் சேர்த்துக் கட்ட நேரலாம். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உரிமையாளர் வாங்கும் வீடுகளில், அந்த விலையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர், பராமரிப்புக் கட்டணங்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஒத்தி

மாத வாடகை இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறும் முறை ஒன்று உண்டு. ஒத்தி, போக்கியம், லீஸ் என ஊருக்கு ஊர் பெயர் மாறும். வாடகை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஆபத்து அதிகம். கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் அடைமானமாக இது இருந்தால், 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதாது. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து அது கட்டப்படாமல் போனால், வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும். குடியிருப்பவர் தன் பணத்துக்காக அலைய வேண்டியிருக்கும். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சான்றில் தெரியாத கடனும் இருக்கலாம் என்பதால், மூலப்பத்திரம் உரிமையாளர் கையில் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காலி செய்யும்போது

கடைசி இரண்டு மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வாடகை தராமல் இருப்பவர்கள் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி, வெளியேற்றக் கோரும் காரணங்களில் ஒன்று. எனவே உரிமையாளர் சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி. சாவியை ஒப்படைக்கும்போது அன்றைய தேதி, மீட்டர் அளவு, வர வேண்டிய மீதித்தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.