சொந்த ஊர் எது?

"உங்களுக்கு எந்த ஊர்?"

முன்பின் தெரியாத இருவர் ரெயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். பதில் சொல்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஒருவர் மதுரை என்பார். மற்றவர் மாயவரம் என்பார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் தயங்குவார். "அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்குக் கும்பகோணம். நான் பிறந்தது நெய்வேலி" என்பார். கேட்டவர் விடமாட்டார். "நெய்வேலி வேலைக்கு வந்த ஊர்தானே? சொந்த ஊர் எது?" என்று மறுபடியும் கேட்பார்.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே இரண்டு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன.

முந்திரிக்காட்டில் ஒரு நகரம்

அந்நாளைய தென்னாற்காடு மாவட்டத்தில், முந்திரியும் பலாவும் வளர்ந்த செம்மண் பூமி நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது, தண்ணீரோடு கருப்பாக ஏதோ ஒன்று மேலே வந்தது. அது பழுப்பு நிலக்கரி. அதை வெளியே எடுக்க வேண்டும் என்று முதலமைச்சர் காமராஜர் விடாப்பிடியாக நின்றார். 1956 நவம்பர் 14-ந் தேதி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

வேலை எளிதாக இல்லை. மேலே மலைபோல் மண். அதை வாரி எறிந்தால்தான் கரி தெரியும். கரிக்குக் கீழேயோ ஊற்று நீர் பேரழுத்தத்தோடு காத்திருந்தது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும்! ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கரம் பூட்டிய மண்வெட்டி இயந்திரங்கள் வந்தன. சோவியத் ரஷ்யா அனல்மின் நிலையம் கட்ட உதவியது. 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

இயந்திரத்தோடு மனிதர்களும் வந்தார்கள். தஞ்சையிலிருந்து வந்தார்கள், நெல்லையிலிருந்து வந்தார்கள். ஆந்திரம், கேரளம், கர்நாடகம் என்று பல பக்கங்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்காக அகலமான சாலைகளும், சாலை ஓரத்தில் மரங்களும், தோட்டத்தோடு கூடிய குடியிருப்புகளும் எழுந்தன. பேட்டை, அக்கிரகாரம், சேரி என்று பழைய ஊர்களில் இருக்கும் பிரிவு இங்கே இல்லை. நகரத்தை 'வட்டம்' என்று எண் போட்டுப் பிரித்தார்கள். ஒருவர் யார் மகன் என்று கேட்பதற்கு முன், எந்த வட்டம் என்று கேட்கும் ஊராக நெய்வேலி வளர்ந்தது.

இரண்டு பக்கமும் விருந்தாளி

ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி வீட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட பெண்கள் இந்த நகரத்தில் பலர் உண்டு. வீட்டில் அம்மாவிடம் தெலுங்கு பேசுவாள். வாசலைத் தாண்டினால் தமிழ். பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றாள். தெலுங்கு எழுத்து அவளுக்குத் தெரியாது. பாட்டி போடும் கடிதத்தை அப்பா படித்துச் சொன்னால்தான் உண்டு.

கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போனால், மாமன் பிள்ளைகள் அவளை 'அரவப் பிள்ளை' என்று கேலி செய்வார்கள். அரவம் என்றால் அங்கே தமிழ். விடுமுறை முடிந்து நெய்வேலிக்குத் திரும்பினால், பக்கத்து வீட்டம்மாள், "தெலுங்குக்காரப் பெண்ணே, ஊரில் மழை உண்டா?" என்று விசாரிப்பாள். அங்கே தமிழ்ப் பெண். இங்கே தெலுங்குப் பெண். இரண்டு இடத்திலும் விருந்தாளி!

நெல்லைப் பையனுக்கும் இதே கதைதான். தாத்தா வீட்டில் அவன் வாயைத் திறந்தால், "பேச்சு எந்த ஊர்ப் பேச்சுலே?" என்று சிரிப்பார்கள். பல மாவட்டத்துத் தமிழும் ஒரே தெருவில் கலந்ததால், எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் அவன் நாக்கில் படிந்துவிட்டது.

ஆனால் கிடைத்ததும் கொஞ்சமல்ல. ஓணத்துக்கு எதிர்வீட்டிலிருந்து பாயசம் வரும். உகாதிக்கு அடுத்த வீட்டிலிருந்து வேப்பம்பூப் பச்சடி வரும். பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் எல்லாரும் ஒன்றாய் நிற்பார்கள். அப்பா இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்கும்போது வீட்டில் சத்தம் கூடாது. எந்த மொழிக்காரர் வீட்டிலும் அது ஒரே சட்டம். ஒரே வேலை, ஒரே சம்பளத் தேதி, ஒரே ஷிப்டு. இவை சேர்ந்து ஒரு புதுச் சாதியையே உண்டாக்கிவிட்டன என்றுகூடச் சொல்லலாம்.

அமெரிக்காவிலும் அதே கேள்வி

இந்தத் தவிப்பு நெய்வேலிக்கு மட்டும் உரியதல்ல. கடல் கடந்து ஒரு கதை உண்டு.

1898-இல் பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பெயினின் கையிலிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறின. 1901-இல் 'தாமஸ்' என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் கூட்டமாக வந்து இறங்கி ஆங்கிலம் கற்பித்தார்கள். பிள்ளைகள் அமெரிக்காவின் சரித்திரத்தைத் தங்கள் சரித்திரம்போல் படித்தார்கள். 1906-இல் முதல் 15 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் போனார்கள். புத்தகத்தில் படித்த நாடு நேரில் அவர்களை அணைத்துக்கொள்ளவில்லை. 1934-இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் வரக்கூடாது என்று கதவைச் சாத்தியது.

கார்லோஸ் புலோசான் என்ற பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் இந்த வேதனையை 1946-இல் நூலாகவே எழுதினார். 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள், லாரி இட்லியோங் தலைமையில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர்களே. இந்த மண்ணில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் வியர்வையால் எழுதிக் காட்டினார்கள். இருந்தும், அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்து இன்றும் கேட்கிறார்கள்: "உண்மையில் உங்களுக்கு எந்த ஊர்?"

வீடு இருந்த இடத்தில் ஆகாயம்

நெய்வேலியில் இந்தக் கேள்வி மிகவும் சுடுவது, வெளியூரிலிருந்து வந்தவர்களை அல்ல. அந்த மண்ணிலேயே பிறந்தவர்களைத்தான்.

வந்தவர்களுக்கு எங்கோ ஒரு தாத்தா ஊர் உண்டு. தீபாவளிக்குப் போகலாம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம். சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்த கிராமத்தார் எங்கே போவார்கள்? வெள்ளத்தில் போன ஊருக்குக்கூட மேடு மிஞ்சும். தோண்டி எடுத்த ஊருக்கு அடியும் இல்லை. சுரங்க விளிம்பில் நின்று பார்த்தால், வீடு இருந்த இடத்தில் இப்போது இருப்பது வெறும் ஆகாயம்!

அவர்கள் கேட்பது இழப்பீடும் வேலையும் மட்டுமல்ல. விதைத்த மண்ணுக்கு மரியாதையும் கேட்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது, தமிழ்நாடே பதறியது. நெல்லின் விலையை நினைத்து மட்டும் எழுந்த பதற்றமல்ல அது. வள்ளலார் பயிர் வாடப் பொறுக்காத மனத்தோடு வாழ்ந்த வடலூர், நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்தானே!

சாவி கொடுக்கும் நாள்

வந்தவர்களுக்கும் ஒரு நாள் வருகிறது. அப்பாவின் வேலைக்காலம் முடிந்ததும் குடியிருப்பைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் வாழ்ந்த வீடு. அம்மா வைத்த முருங்கை கொல்லையில் காய்த்துக்கொண்டிருக்கும். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் இருக்கும். அவற்றை லாரியில் ஏற்ற முடியாதே!

சிலர் தாத்தா ஊருக்குத் திரும்புகிறார்கள். அங்கே அவர்களை 'நெய்வேலிக்காரர்' என்று அழைக்கிறார்கள். பலருக்கு மனம் வருவதில்லை. நகரத்தின் எல்லையை ஒட்டி, இந்திரா நகர் போன்ற இடங்களில் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார்கள். மின்நிலையப் புகைபோக்கி கண்ணில் பட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வருகிறது.

பிள்ளைகளோ படித்தார்கள். நெய்வேலி படிப்பை மதித்த ஊர். 1998-இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி அதற்குச் சாட்சி. ஆனால் நன்றாகப் படித்த பிள்ளை அவ்வளவு தூரம் போய்விடுகிறது. சென்னை, பெங்களூர், அமெரிக்கா. அங்கே அவர்களின் குழந்தைகளைப் பள்ளியில் யாரோ கேட்கிறார்கள்: "உனக்கு எந்த ஊர்?" பாட்டனார் சந்தித்த கேள்வி, பேரனிடம் வேறு மொழியில் வந்து நிற்கிறது.

1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டது. நிறுவனத்தின் பெயரும் 2016-இல் மாறியது. அந்த வட்டங்களில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் மட்டும், எந்த மூலையில் சந்தித்தாலும், "நீங்கள் எந்த வட்டம்?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நிலப்பத்திரம் இல்லாவிட்டால் என்ன? அவர்களுக்கு அதுவே ஊர்.

அடுத்த முறை ரெயிலில் எதிரே உட்கார்ந்தவர் "நெய்வேலி" என்று சொன்னால், அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வி வேண்டாம்.

அவர் சுரங்கத்தில் ஊரை இழந்தவராக இருந்தால், அந்தக் கேள்விக்கு அவரிடம் பதிலே இராது.