பூட்டி வைத்த புட்டா!

அண்ணா பெண்ணின் கல்யாணத்துக்கு, அம்மாவின் முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொள்வதென்று தீர்மானித்தேன். அரக்குக் கலர் காஞ்சிபுரம், உடம்பெல்லாம் மாங்காய் புட்டா, சாண் அகலத்துக்கு ஜரிகைக் கரை... 1964-ல் தி.நகர் பனகல் பார்க் பக்கம் எடுத்தது. அம்மா அதைக் கட்டியதே நாலைந்து தடவைதான். "ஜரிகை கறுத்துடும்டி!" என்று பூட்டியே வைத்திருந்தாள். அவளுக்குப் பிறகு நானும் மயிலாப்பூர் வீட்டு பீரோவில், பிளாஸ்டிக் கவரில், பாச்சை உருண்டை போட்டு 'பத்திரமாக' வைத்திருந்தேன்.

பிரித்தேன். டர்ர்ர்! மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கிழிசல்.

"கட்டினாத்தான் கிழியும்னு நினைச்சியா?" என்றார் என் கணவர். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் தெருவில் "பழைய பட்டுப் புடவை வாங்கறதே..." என்று குரல். வந்தவர் நகத்தால் ஜரிகையைச் சுரண்டினார். "அசல்மா! உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுது பாருங்க. அதுமேல வெள்ளிக் கம்பி சுத்தி, தங்க முலாம் பூசியிருக்கு" என்றார். நல்ல தொகைதான் சொன்னார்.

"வாங்கிண்டு போய் என்னப்பா செய்வீங்க?"

"ஜரிகையை வெட்டி எரிச்சு, வெள்ளியை எடுத்துடுவாங்கம்மா."

எரித்தா? புடவையைச் சுருட்டிக்கொண்டு தி.நகருக்கு ஆட்டோ ஏறினேன்.

ஜவுளிக்கடையில் பழுத்த சேல்ஸ்மேன் ஒருவர், புடவையைத் தடவிப் பார்த்து பாடமே எடுத்துவிட்டார்.

"ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வெச்சா பட்டு அங்கேதான் நொந்து போகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க. பிளாஸ்டிக் கவர்ல ஈரம் தங்கும். மெட்ராஸ் கடல்காத்துக்கு ஜரிகை கறுத்துடும். பழைய மல் வேட்டியில சுத்தி வைங்க. பாச்சை உருண்டை ஜரிகையில படவே கூடாது. கட்டி அவிழ்த்ததும் நிழல்ல காத்தாட விடுங்க. சென்ட்டைப் புடவை கட்டறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். ஜரிகையில நேரா ஊக்கு குத்தாதீங்க. இஸ்திரின்னா மேலே துணி போட்டுத் தேய்க்கணும்."

புதுசு வாங்குகிறவர்களுக்கும் ஒரு விஷயம் சொன்னார். மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த 'சில்க் மார்க்' பட்டுக்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

"சரி, இந்தப் புடவை?" என்றேன். தொண்டை அடைத்தது.

"இது கோர்வைம்மா. உடம்பு நைஞ்சாலும் கரை பிரியாது பாருங்க. நல்ல பாகத்தை வெட்டி, குழந்தைக்குப் பாவாடை தைச்சுடுங்க."

மனசைக் கல்லாக்கிக்கொண்டு, டெய்லரிடம் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று என் ஐந்து வயதுப் பேத்தி அந்தப் பாவாடையில் மண்டபம் பூராவும் ஓடினாள். பந்தியில் மடியில் பாயசத்தைக் கொட்டிக்கொண்டாள்! அம்மா இருந்திருந்தால் மயக்கமே போட்டிருப்பாள். நான் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒற்றி எடுத்தேன். கறை கொஞ்சம் நின்றுவிட்டது.

நிற்கட்டும், டிரைகிளீனிங் இருக்கிறது. அறுபது வருஷத்தில் அந்த மாங்காய் புட்டா முதல் தடவையாக ஓடியாடி விளையாடியிருக்கிறதே!